பொசுங்கலும் கருகலும்

தீயின் தொழிலைக் குறிக்கும் சொற்கள் தமிழில் பல. சுடுதல், எரிதல், வேதல் ஆகியவற்றை யாவரும் அறிவர். தீ முழுதும் உண்ணாது சிறிதே தீண்டி விலகும் நிலைக்கும் நம் முன்னோர் தனித்தனிச் சொற்கள் வைத்துள்ளனர். வாடல், பொசுங்கல், கருகல் என்பன அவற்றுள் சில. இவற்றை ஒருபொருட் பன்மொழி எனக் கொள்வது பொருந்தாது என்பதே நம் கருத்து.

வாடுதல் ஈரம் குறைவதைச் சொல்லும். கருகுதல் கருமையடியாகப் பிறந்து நிறத்தைச் சொல்லும். பொசுங்குதலோ, மயிர், பஞ்சு, புல் போன்ற மெல்லியவை தீப்பட்ட நொடியில் சுருண்டு போவதைச் சொல்லும். பொசுங்கு தன்வினை, பொசுக்கு பிறவினை. ஆட்டுத்தலையைத் தீயில் வாட்டுவோர் மயிரைப் பொசுக்குவர்; தோலைக் கருகவிடார். ஒரே அடுப்படியில் மூன்று சொற்களும் மூன்று அளவுகளாய் நிற்பதைக் காண்க.

போளூரை அடுத்த சந்தவாசல், ஜவ்வாது மலையின் கீழ்ப்புற அடிவாரத்தில் உள்ளது. கோடையில் இலையுதிர்க்கும் இத்தகைய மலைக்காடுகளில் தரையோடு பரவும் தீயால் சருகு எரியும், புல் பொசுங்கும், அடிமரத்தின் பட்டை கருகும். ஆயினும் முதிர்ந்த மரம் பெரும்பாலும் மாள்வதில்லை. மழை கண்டதும் தளிர்க்கும். காப்புக்காட்டில் தீ வைப்பதைக் குற்றமாக்கியது 1882ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டம். சட்டத்துக்குத் தீ என்னும் ஒரு சொல்லே போதும். காடு பிழைக்குமா என்று அறிய விழைவோர்க்கோ எரிந்தது எது, பொசுங்கியது எது என்னும் வேறுபாடு வேண்டும்.

உழவர் வழக்கும் இத்தகையதே. வாடிய பயிர் நீர் பாய்ச்சினால் நிமிரும். கருகிய பயிர் நிமிராது. தீயே படாத நெல்லிலும் நுண்ணுயிரியால் இலை காய்ந்துபோவதை வேளாண்துறையார் ‘இலைக்கருகல் நோய்’ என்று பெயரிட்டுள்ளனர்.

அரபியிலும் இந்நுட்பம் உண்டு. ‘இஹ்ராக்’ எரித்தலைக் குறிக்கும். ‘லஃப்ஹ்’ என்பதோ அனல் முகத்தில் பட்டுத் தீய்ப்பதைக் குறிக்கும். வாளால் இலேசாக வீசுவதற்கும் அச்சொல் வழங்கும். 1311இல் மறைந்த இப்னு மன்ளூர் தொகுத்த ‘லிஸானுல் அரப்’ இதனை விளக்குகிறது. திருக்குர்ஆனின் 23ஆம் அத்தியாயம் 104ஆம் வசனத்தில் முகங்களை நெருப்புத் தீண்டுவதைக் கூறுமிடத்து வருவதும் இச்சொல்லே. அதனை ‘எரிக்கும்’ என்று மட்டும் பெயர்த்தால் மூலத்தின் நுட்பம் கைநழுவும். ‘பொசுக்கும்’ என்னும் சொல் நம்மிடம் இருக்க, அதனை ஏன் கைவிட வேண்டும்?

1732இல் வீரமாமுனிவரின் சதுரகராதி, 1862இல் வின்சுலோவின் அகராதி, 1924 முதல் 1936 வரை சென்னைப் பல்கலைக்கழகத்தின் பேரகராதி எனத் தமிழ்ச்சொற்கள் தொகுக்கப்பெற்றுள்ளன. எனினும் ஒரு சொல் எவ்வளவு சூட்டைக் குறிக்கும் என்பதை அடுப்படியும் வயலும் மலையடிவாரமுமே நமக்குக் கற்பிக்கின்றன. அவ்வழக்குகளைக் கேட்டு எழுதிவைப்பது மொழி பயில்வோர் கடமையாகும்.