ஞாயிறு ஓய்வு யாருக்கு?

திருவண்ணாமலையில் கூட்டம் கூடுவதற்குக் கிழமை கணக்கில்லை. பௌர்ணமி என்றால் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை நிரம்பி விடும். கார்த்திகை தீபத்திற்கோ கேட்கவே வேண்டாம். ஆனால் அதே ஊரில் பள்ளிக்கூடமும் அரசு அலுவலகமும் மூடிக்கிடப்பது ஞாயிற்றுக்கிழமை. இந்த வழக்கம் எங்கிருந்து வந்தது?

கி.பி. 321, மார்ச் 7 அன்று ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் ஓர் ஆணை பிறப்பித்தார். ஞாயிறன்று நீதிமன்றங்களும் நகரத்துத் தொழில்களும் நிற்க வேண்டும். உழவர்களுக்கு மட்டும் விலக்கு. பருவம் தவறினால் விளைச்சல் போய்விடும் என்பது காரணம். கத்தோலிக்கத் திருச்சபை ஞாயிறு பூசையையும் ஓய்வையும் கடமையாகவே வைத்தது. ஆனால் தவிர்க்க முடியாத தேவை இருந்தால் வேலை செய்வது பாவமல்ல என்றும் சொன்னது.

இந்த விலக்கின் பொருள் திருவண்ணாமலை மாவட்டத்தில் உள்ள சேத்துப்பட்டில் நன்றாகப் புரியும். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரெஞ்சுக் குருவான தராஸ் சுவாமி இங்கே பணியாற்றினார். 1876-78 பெரும் பஞ்சத்தை ஒட்டி இப்பகுதியில் பலர் கிறிஸ்தவர்களானார்கள். அவர்களில் பெரும்பாலோர் ஏழை விவசாயக் கூலிகள். கூலிக்காரருக்கு ஒரு நாள் ஓய்வு என்றால் ஒரு நாள் சோறு இல்லை என்று அர்த்தம்.

கடற்கரையில் கதை வேறு. முத்துக்குளித்துறையில் ஞாயிறுதோறும் ஊர் மக்கள் அனைவரையும் கூட்டி, தமிழிலேயே செபம் சொல்ல வைத்ததாகப் புனித சவேரியார் 1544இல் எழுதிய கடிதத்தில் கூறுகிறார். இன்றும் தூத்துக்குடி, கன்னியாகுமரி மாவட்டங்களின் பல கத்தோலிக்க மீனவ ஊர்களில் ஞாயிறன்று யாரும் கடலுக்குப் போவதில்லை. ஊரே நிற்பதால் பக்கத்து வீட்டுக்காரன் மீனை அள்ளிவிடுவானோ என்ற பயம் இல்லை. தனி ஆளாக ஓய்வெடுத்தால் நட்டம். சேர்ந்து எடுத்தால் அது உரிமை!

மும்பை ஆலைத் தொழிலாளர்கள் செய்ததும் இதுதான். நாராயண் மேகாஜி லோகாண்டே என்பவர் 1884 முதல் வார விடுமுறைக்காகப் போராடினார். அவர் கிறிஸ்தவர் அல்லர், ஜோதிராவ் புலேயின் தோழர். ஞாயிறு கண்டோபா சாமிக்கு உகந்த நாள் என்பதும் அவர் எடுத்துச் சொன்ன காரணங்களில் ஒன்று. 1890, ஜூன் 10 அன்று ஆலை முதலாளிகள் இறங்கி வந்தார்கள். மறு ஆண்டே தொழிற்சாலைச் சட்டம் வார விடுமுறையைச் சேர்த்துக்கொண்டது. அதே 1891இல்தான் போப் 13ஆம் லியோவும் 'ரேரும் நோவாரும்' என்ற சுற்றுமடலில், ஞாயிறு ஓய்வு தொழிலாளியின் உரிமை, அது சோம்பலுக்கானது அல்ல என்று வலியுறுத்தினார்.

சுதந்திர இந்தியாவின் 1948ஆம் ஆண்டுச் சட்டமும் ஆலைத் தொழிலாளிக்கு இந்த விடுமுறையை உறுதி செய்தது. ஆனால் அது வயலுக்கு வரவில்லை. கான்ஸ்டன்டைன் உழவருக்குத் தந்த விலக்கு ஒரு சலுகை. கூலிக்காரருக்கு அதுவே சுமையாகிவிட்டது. சம்பளம் இல்லாத ஓய்வைப் பட்டினி என்றுதான் சொல்ல வேண்டும்.