ஆரியங்காவுக்கு இப்புறமும் அப்புறமும்

தென்காசியில் புனலூர் பஸ் ஏறினால் செங்கோட்டை, புளியரை, கோட்டைவாசல் தாண்டியதும் கேரளத்தின் ஆரியங்காவு. குற்றாலத்துக்குச் சாரல் தரும் அதே மலைதான் அங்கும்; மதுக் கொள்கை மட்டும் வேறு. இந்த ஊர்களுக்கு இது பழகிய சங்கதி. 1948இல் சென்னை மாகாணம் முழுவதும் மதுவிலக்கு வந்தபோது தென்காசி அதற்குள் இருந்தது. பக்கத்துச் செங்கோட்டையோ 1956 நவம்பர் 1 வரை மலையாள நாட்டு நிர்வாகத்தில், வேறு சட்டத்தின் கீழ் இருந்தது.

இன்று இரண்டு அரசுகளுமே மது விற்கின்றன. இங்கே 2003 நவம்பர் முதல் சில்லறை விற்பனை முழுவதும் டாஸ்மாக் கையில். அங்கே 1984இல் தொடங்கிய பெவ்கோ. கள் விஷயத்தில் மட்டும் நேர் எதிர்: தமிழ்நாட்டில் 1987 முதல் தடை, கேரளத்தில் உரிமம் பெற்ற கள்ளுக்கடை.

குடியைக் குறைக்க நினைத்தபோது தமிழ்நாடு கடைகளின் எண்ணிக்கையில் கைவைத்தது. 2016இல் 500, 2017இல் 500, 2023 ஜூன் 22இல் மறுபடி 500 கடைகள் மூடப்பட்டன. திறக்கும் நேரம் காலை பத்திலிருந்து பகல் பன்னிரண்டுக்குத் தள்ளிப்போனது. கேரளம் பார்களில் கைவைத்தது. 2014இல் உம்மன் சாண்டி அரசு, ஐந்து நட்சத்திர ஓட்டல்கள் தவிர மற்ற பார்களுக்கு உரிமம் மறுத்தது. 2015 டிசம்பரில் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது. 2017இல் அடுத்த அரசு அதைத் தளர்த்திவிட்டு, மது வாங்கும் வயதை 21இலிருந்து 23 ஆக்கியது.

பலன்? தமிழ்நாட்டில் மதுவால் வந்த வருவாய் 2022-23இல் 44,121 கோடி ரூபாய். 500 கடைகளை மூடிய 2023-24இல் 45,855 கோடி. விலை உயர்வும் இதில் சேர்ந்திருக்கிறது என்றாலும், பூட்டிய கடையின் வாடிக்கையாளர் அடுத்த கடைக்குப் போயிருக்கிறார் என்பதே என் கணிப்பு. கேரளத்தில் இன்னொரு விதியும் உண்டு: மாதத்தின் முதல் தேதி கடை கிடையாது. மாதச் சம்பளக்காரரின் வீட்டுக்கு அது ஒருநாள் காவல். வாரக்கூலியும் நாட்கூலியும் வாங்கும் தென்காசிப் பக்கத்துத் தொழிலாளி வீட்டுக்கு அதே விதியைக் கொண்டுவந்தாலும் பெரிதாக உதவாது.

இரண்டு அரசுகளின் மனப்போக்கும் வெளிப்பட்டது 2020 ஊரடங்கில்தான். கேரளத்தில் திடீரென மது கிடைக்காமல் போனபோது சிலர் தங்கள் உயிரையே மாய்த்துக்கொண்டார்கள். மார்ச் 30 அன்று, மருத்துவர் சீட்டு இருந்தால் மது தரலாம் என்று அரசு ஆணையிட்டது. மருத்துவர் சங்கங்கள் கொதித்தன. சில நாள்களிலேயே உயர் நீதிமன்றம் தடை விதித்தது. தமிழ்நாட்டிலோ பேச்சு முழுக்கக் கடை திறப்பைப் பற்றியே இருந்தது. மே 7 அன்று திறந்தார்கள். மறுநாள் உயர் நீதிமன்றம் மூடச் சொன்னது. மே 15 அன்று உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை நிறுத்திவைத்தது. மறுநாளே கடைகள் திறந்தன. கை நடுங்கிக்கொண்டு வீட்டில் கிடந்தவர் என்ன ஆனார் என்ற கேள்வி இந்த வழக்குகளில் பின்னுக்குப் போய்விட்டது.

கேரளத்தின் ஆணை தவறுதான். நெடுநாள் குடித்த உடம்பு சட்டென்று நிறுத்தினால் நடுக்கம், வலிப்பு, இல்லாததைக் காண்பது, சித்தக் குழப்பம் என்று உயிருக்கே ஆபத்து வரலாம். அதற்கு மருந்து உண்டு. மது அதற்கு மருந்தல்ல. ஆனாலும் குடிநோயாளியை நோயாளி என்று ஓர் அரசாணை ஒப்புக்கொண்டதே, அதை நான் சிறிதாக நினைக்கவில்லை. 2016இலேயே தொடங்கிய 'விமுக்தி' திட்டத்தில் பதினான்கு மாவட்டங்களிலும் குடி மீட்பு மையங்கள் வைத்த அரசு அது. தமிழ்நாடு 25 'கலங்கரை' மையங்களைத் திறந்தது 2025 பிப்ரவரியில். சிகிச்சையில் நாம் பின்தங்கித்தான் இருக்கிறோம்.

எய்ம்ஸ் மருத்துவமனை நடத்தி 2019இல் வெளியான தேசிய ஆய்வின்படி, மதுவுக்கு அடிமையான 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதாவது சிகிச்சையோ உதவியோ கிடைக்கிறது. மற்ற 37 பேரின் தூக்கமின்மை, சந்தேகம், மனச்சோர்வு எல்லாவற்றையும் வீடு சுமக்கிறது. ஆலங்குளம், கடையம் பக்கம் பீடி சுற்றிக் குடும்பத்தைக் காக்கும் பெண்களைப் பாருங்கள். பல வீடுகளில் கணவர் குடித்துவிட்டு வரும் நேரம் நெருங்க நெருங்கப் பிள்ளைகளின் முகம் மாறும். எத்தனை கடை மூடினோம் என்ற கணக்கில் அந்தப் பெண்ணின் மனச்சோர்வு வராது. குற்றாலச் சீசனில் அருவிக்கரையில் தள்ளாடுபவரைப் போலீசார் அப்புறப்படுத்தும்போதும், அவர் திரும்பிப் போகப்போகும் வீட்டைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

கேட்க ஆள் இல்லாமல் இல்லை. தமிழ்நாடு அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரையும் ரத்தக்கொதிப்பும் பார்க்க வீடுவீடாகப் போகிறார்கள். மனநல மருத்துவரல்லாத, பயிற்சி மட்டும் பெற்ற உள்ளூர் ஆலோசகர்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சில அமர்வுகள் பேசினாலே குடியைக் கட்டுப்படுத்துவோர் கூடுகிறார்கள் என்று கோவாவில் நடந்து, 2017இல் லான்செட் இதழில் வந்த ஆய்வு காட்டியிருக்கிறது. மக்களைத் தேடி மருத்துவத்தின் வீட்டு வருகையில் குடியைப் பற்றி ஒரு கேள்வி, வீட்டுப் பெண்ணின் மனநிலை பற்றி ஒரு கேள்வி, ஆம் என்றால் தென்காசி அரசு மருத்துவமனைக்கு ஒரு சீட்டு. மனநல உதவிக்கான 14416 எண்ணையும் அதே சீட்டில் அச்சடித்துக் கொடுக்கலாம். கடைகள் மூடும் வரை இதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.