ரெண்டு கேபிள், ஒரே பாதை: ஒரு அட்டவணைக்குப் பின்னால் இருக்கும் வரலாறு

இன்னைக்கு எபிசோடு ஒரு அட்டவணையைப் பத்தி. நெட்வொர்க்கிங் சான்றிதழ் தேர்வுக்குப் படிச்சவங்களுக்குத் தெரியும்: ஆக்டிவ், பேசிவ், டிசைரபிள், ஆட்டோ, ஆன். எது எதோட சேரும், எது சேராது. போன வருஷம் நான் அதை அப்படியே மனப்பாடம் பண்ணிட்டுப் போனேன். ஃபெயில். கட்டணம் அக்கா கட்டினது. இன்னொரு தடவை கேட்க மனசு வரல. அதனால, மறுபடியும் மனப்பாடம் பண்றதுக்கு முன்னாடி, இவ்வளவு வார்த்தை எதுக்குன்னு தேடிப் பார்த்தேன். கிடைச்சது ஒரு வரலாறு.

முதல்ல பிரச்சினை என்னன்னு பார்ப்போம். ரெண்டு ஸ்விட்சுக்கு நடுவுல ஒரு கேபிள் போதல, இன்னொண்ணு போடுறோம். எல்லாருக்கும் போற பிராட்காஸ்ட் ஃப்ரேம் ஒரு கேபிள்ல போய் இன்னொண்ணுல திரும்பி வரும். ஐபி பாக்கெட்டுக்கு இருக்கிற மாதிரி ஈதர்நெட் ஃப்ரேமுக்கு ஆயுள் கணக்கு கிடையாது. சுத்திக்கிட்டே இருக்கும், நெட்வொர்க் படுத்துடும். இதற்கு 1985-இல் ராடியா பெர்ல்மன் கண்டுபிடித்த விடைதான் ஸ்பானிங் ட்ரீ. சுற்றை உண்டாக்கும் பாதையை அது அடைத்து வைக்கும். மற்றது அறுந்தால் திறக்கும். நெட்வொர்க் பிழைத்தது. ஆனா காசு கொடுத்து வாங்கின ரெண்டாவது கேபிள் தூங்குது.

இங்கதான் கல்பனா வருது. ஆமா, நம்ம ஊர் பேருதான். அமெரிக்காவில் விநோத் பரத்வாஜ் தொடங்கிய நிறுவனம் அது; 1990-இல் ஏழு போர்ட் கொண்ட முதல் ஈதர்நெட் ஸ்விட்சை விற்பனைக்குக் கொண்டு வந்தது. அப்போ ஈதர்நெட்டின் வேகம் 10 மெகாபிட். 100 மெகாபிட்டுக்கான தரநிலை 1995-இல்தான் வந்தது. இடையில் என்ன செய்வது? பல கேபிள்களை ஒரே இணைப்பாகக் காட்டு என்றது கல்பனா. பேரு ஈதர்சேனல். ஸ்பானிங் ட்ரீயோட கண்ணுக்கு ஒரே பாதைதான் தெரியும். அடைக்க எதுவும் இல்லை.

1994-இல் சிஸ்கோ கல்பனாவை வாங்கியது. ரெண்டு முனையும் பேசி இணைப்பை உறுதி செய்ய பிஏஜிபி என்ற சொந்த மொழியை வைத்துக்கொண்டது. டிசைரபிள், ஆட்டோ ரெண்டும் அந்த மொழியோட சொற்கள். மற்ற நிறுவனங்களும் ஆளுக்கொரு வழி வைத்திருந்தன. வேற வேற கம்பெனி ஸ்விட்சுகளைச் சேர்க்கணும்னா தலைவலி. 2000-இல் ஐட்ரிபிள்இ 802.3ஏடி என்ற பொதுத் தரநிலையை வெளியிட்டது. அதோட மொழி எல்ஏசிபி. ஆக்டிவ், பேசிவ் அங்கிருந்து வந்தவை. 2008-இல் அது 802.1ஏஎக்ஸ் ஆனது.

இப்போ அட்டவணையைப் பாருங்க. ஆக்டிவும் டிசைரபிளும் ஏன் சேராது? மொழி வேற. பேசிவும் பேசிவும்? சண்டை போட்ட ரெண்டு ஃப்ரெண்ட்ஸ் மாதிரி, அவன் முதல்ல பேசட்டும்னு ரெண்டு பேரும் காத்திருப்பாங்க. ஆன் யாரையும் கேட்காது, அதனாலதான் ஆபத்து. எதிர்முனை சேர்க்கப்படாமல் இருந்தாலும் அதுக்குத் தெரியாது.

என்னைத் தடுக்கி விட்ட இன்னொரு விஷயம்: 1 கிகாபிட் கேபிள் ரெண்டு சேர்த்தா, ஒரு ஃபைல் காப்பி 2 கிகாபிட்ல ஓடுமா? ஓடாது. ஒரே உரையாடலின் ஃப்ரேம்கள் வரிசை மாறக் கூடாது. அதனால் ஸ்விட்ச் முகவரிகளை வைத்துக் கணக்குப் போட்டு, அந்த உரையாடல் முழுவதையும் ஒரே கேபிளில் அனுப்பும். சாலையில ரெண்டு லேன் இருந்தாலும் ஒரு பஸ் ஒரு லேன்லதான் போகும். நிறைய பஸ் போகும்போதுதான் லாபம்.

ரெண்டாவது கட்டணத்தை நானே சேர்த்துக் கட்டினேன். பாஸ். அந்த அட்டவணை இன்னும் ஞாபகம் இருக்கு; ஆனா இப்போ அது அட்டவணை இல்ல, யாரு யாரோட எப்போ பேச ஆரம்பிச்சாங்கங்கிற கதை. நீங்க படிச்சுட்டு இருந்தா, எழுதி வெச்சுப் படிக்கிறதுக்கு முன்னாடி இந்தக் கதையை ஒரு ஃப்ரெண்டுக்குச் சொல்லிப் பாருங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.