ஆழிப்பேரலையிற் பிறந்த மென்பொருளும் அதன் பெயர்களும்

எமது படுவான்கரையிற் கூத்துக் கொப்பிகளைப் பேணிவரும் அண்ணாவிமாரை அன்பர்கள் அறிவர். ஒரே கூத்துக்கு ஊருக்கொரு கொப்பி. பாட்டிலும் வேறுபாடு, வரவிலும் வேறுபாடு. எது முந்தியது, எது பிந்தித் திருத்தியது என்பதைக் கொப்பி சொல்லாது. யாவரும் படித்துத் திருத்திப் பகிரும் உரிமையோடு வெளியிடப்படும் திறந்த மூல மென்பொருளுக்கும் இதே இடர் உண்டு. ஆதலினாலேயே அதன் ஒவ்வொரு வெளியீடும் ஓர் எண்ணைத் தாங்கி வருகின்றது.

அவ்வெண் பெரும்பாலும் மூன்று உறுப்புடையது. முதலுறுப்பு உயர்ந்தாற் பெருமாற்றம், இரண்டாவது உயர்ந்தாற் புதிய வசதி, மூன்றாவது உயர்ந்தாற் பிழைதிருத்தம். முதலிற் பூச்சியம் நின்றால், இன்னும் எதனையும் மாற்றுவோம் என்று ஆக்கியோர் முன்கூட்டியே சொல்லிவைக்கின்றனர். 1991இல் 0.01 என வெளிவந்த லினக்ஸ், 1994இலேயே 1.0 ஆயிற்று. அதே லினக்ஸ் 2011இல் 3.0 ஆனதற்கோ இருபதாம் ஆண்டு நிறைவன்றிப் பெரிய காரணம் இல்லை. டொனால்ட் நுத் என்னும் பேரறிஞர் தமது டெக் மென்பொருளுக்கு 3.14, 3.141 என்று பை எண்ணை நெருங்கிச் செல்லும் எண்களை இட்டார். அது புலவர் விளையாட்டு என்றே எமக்குத் தோன்றுகின்றது.

எமக்கு நெருங்கிய வரலாறு விளையாட்டன்று. 2004 டிசெம்பர் 26ஆந் திகதி ஆழிப்பேரலை எழுவான்கரையை அழித்தது. இலங்கை முழுவதிலும் 30,000க்கு மேற்பட்டோர் மாண்டனர். காணாமற்போனவர் எவர், எந்த முகாமில் யார் உளர், எங்கே என்ன தேவை என்று அறிய வழியின்றி நாடு தவித்த அந்நாட்களில், 2003இல் அமைக்கப்பட்ட லங்கா மென்பொருள் மன்றத்தைச் சார்ந்த தொண்டர்கள் ஒரு மென்பொருளை ஆக்கினர். அதற்குச் சஹன என்று பெயரிட்டனர். சிங்களத்தில் நிவாரணம் என்பது அதன் பொருள். 2005இற் பாகிஸ்தான் நிலநடுக்கத்தின்போதும், 2006இற் பிலிப்பைன்ஸ் மண்சரிவின்போதும் அது உதவியது. இத்தகைய வேளையில் எண்ணின் அருமை விளங்கும். ஒரு முகாமிற் பழைய வெளியீடும் மறு முகாமிற் புதியதும் இருந்து, இரண்டு பட்டியல்களும் பொருந்தாவிடின், தாயைத் தேடும் பிள்ளைக்கு விடை பிந்தும்.

பின்னர் சஹன இரு கிளையாயிற்று. ஒன்று அகஸ்தி; எம் அகத்திய முனிவரின் வடமொழிப் பெயரின் ஒரு வடிவம் அது. மற்றது ஈடன். மிசன் பாடசாலையிற் படித்த எமக்கு முதலில் ஏதேன் தோட்டமே நினைவில் வந்தது. ஆயின் அது அவசரகால மென்பொருள் ஆக்கச் சூழல் என்பதற்கான ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துச் சுருக்கமாம். அகஸ்தியின் வெளியீடுகளுக்கு எரிமலைகளின் பெயர்கள் வாய்த்தன: கிரகட்டோவா, வெசுவியஸ், மயோன். 1883இற் கிரகட்டோவா வெடித்தெழுப்பிய அலை இலங்கைக் கரையையும் தொட்டது. ஆதலின் அப்பெயர் எமக்கு அந்நியமன்று. அந்தக் கிரகட்டோவா, 0.6 என்னும் வரிசைக்கு உரியது. ஒன்றுக்குக் குறைந்த எண்ணைக் கண்டு, முற்றுப்பெறாத பொருள் என்று ஒதுக்குவோர் உளர். அதற்கு முன்னரே, 2006ஆம் ஆண்டுக்குரிய சமூகநலப் பரிசைக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை சஹனவுக்கு வழங்கிவிட்டது.

2009இற் சஹனவுக்கென அமெரிக்காவில் தனி அறக்கட்டளை அமைந்தபோதும் மூலப்பெயரை எவரும் மாற்றவில்லை. 2010இல் ஹெயிட்டி நாடு நிலநடுக்கத்தால் நொறுங்கியபொழுது, அங்கே சென்றதும் சஹன என்ற அச்சொல்லோடுதான்.