இரு வகைக் காற்று: மாருதி 800-இன் புகைக்குழாய் வரலாறு

சங்க இலக்கியம் பயின்றவர்களுக்குக் கொல்லிமலை என்றதும் வல்வில் ஓரியும் கொல்லிப்பாவையும் நினைவுக்கு வருவர். அம்மலையின் அடிவாரத்து ஊரான முள்ளுக்குறிச்சியை முன்வைத்து நாம் இங்கு எழுதப் புகுவதோ, எந்தப் புலவரும் பாடாத ஒரு பொருளைப் பற்றி: பழைய சிறு காரின் அடியில், சேறும் துருவும் படிந்து தொங்கும் புகைக்குழாய். இருபது ஆண்டுகளுக்கு மேலாக இந்நாட்டில் நகரத்துக்கு ஒரு காற்றும் நாட்டுப்புறத்துக்கு ஒரு காற்றும் வகுக்கப்பட்ட கதையை அக்குழாயைக் கொண்டே சொல்லிவிடலாம்.

மாருதி 800, 1983 டிசம்பரில் விற்பனைக்கு வந்தது. 796 கன சென்டிமீட்டர் கொள்ளளவு, மூன்று சிலிண்டர்கள், நாற்பது குதிரைத்திறனை ஒட்டிய ஆற்றல். நடுத்தரக் குடும்பத்தின் முதல் காராக அது ஊர்தோறும் பரவிய காலத்தில் அதன் புகைக்குழாயில் எந்தச் சுத்திகரிப்புக் கருவியும் கிடையாது. பெட்ரோலில் ஈயம் கலந்திருந்தது. எஞ்சின் ‘தட்டும்’ ஓசையை அடக்க ஈயச் சேர்மம் உதவும் என 1921இல் அமெரிக்காவில் தாமஸ் மிட்ஜ்லி கண்டறிந்ததன் தொடர்ச்சி அது. குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் குலைக்கும் அந்த நஞ்சு, பல பத்தாண்டுகள் உலகெங்கும் புகையாய்க் கலந்தது.

புகையைத் தணிக்கும் வினையூக்கி மாற்றியை 1950களில் வடிவமைத்தவர் யூஜீன் ஹூட்ரி என்ற பிரெஞ்சுப் பொறியாளர். ஆனால் ஈயம் வினையூக்கியின் மேற்பரப்பில் படிந்து அதைச் செயலிழக்கச் செய்துவிடும். ஆகவே ஈயம் வெளியேறாமல் மாற்றி உள்ளே வர முடியவில்லை. அமெரிக்காவின் 1970ஆம் ஆண்டுத் தூய காற்றுச் சட்டம் கொடுத்த நெருக்கடிக்குப் பிறகே, 1975ஆம் ஆண்டு மாதிரிக் கார்களில் அது பரவலாக இடம்பெற்றது. தேனடை போன்ற நுண்துளைகள் கொண்ட பீங்கான் கட்டி; அதன்மேல் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் ஆகிய உலோகங்களின் மெல்லிய பூச்சு. சூடேறிய பின், கார்பன் மோனாக்சைடையும் எரியாத எரிபொருளையும் கார்பன் டை ஆக்சைடாகவும் நீராவியாகவும் அது மாற்றும்.

இந்தியாவில் இது 1995 ஏப்ரலில் வந்தது. எங்கே? டெல்லி, பம்பாய், கல்கத்தா, மெட்ராஸ் என்ற நான்கு பெருநகரங்களில் மட்டும். அங்கு விற்கப்படும் புதிய பெட்ரோல் கார்களுக்கு மாற்றி கட்டாயமாயிற்று. ஈயமற்ற பெட்ரோலும் அங்குதான் முதலில் கிடைத்தது. அன்று சேலம் மாவட்டத்தில் இருந்த முள்ளுக்குறிச்சிக்கு (நாமக்கல் மாவட்டம் செயல்படத் தொடங்கியது 1997இல்) அந்த ஆணையில் இடமில்லை. மெட்ராஸில் பதிவான ஒரு கார் கைமாறி மலையடிவாரத்துக்கு வந்தால், அங்குக் கிடைத்த ஈயப் பெட்ரோலைத்தான் குடித்தாக வேண்டும். சில நிரப்பல்களிலேயே மாற்றி நலிந்துபோகும். நாடு முழுவதும் ஈயம் விலக்கப்பட்டது 2000 பிப்ரவரியில். உலகின் கடைசி நாடாக அல்ஜீரியா அதைக் கைவிட்டது 2021இல்.

நலிந்த மாற்றியைப் பட்டறைகள் நடத்தும் விதம் நாம் அறிந்ததே. உள்ளிருக்கும் பீங்கானைத் தட்டி உதிர்த்து வெறுங்கூட்டை மட்டும் மாட்டுவது, அல்லது அதை எடுத்துவிட்டு நேர்க்குழாய் வைத்துப் பற்றவைப்பது. ‘வண்டி இழுக்கும்’ என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம். அடைபட்ட மாற்றியை நீக்கினால் இழுவை மீளும் என்பது உண்மைதான்; நல்ல மாற்றியை நீக்கிப் பெறுவதோ மிகச் சொற்பம். குழாயை மிக அகலமாக்கினால் புகையின் ஓட்ட வேகம் குறைந்து, தாழ்ந்த சுழற்சியில் எஞ்சினின் திருகுவிசை தளர்கிறது. காரவள்ளியிலிருந்து ஏறும் பாதையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் இரண்டாம் கியரில் திணறும் சிறு காருக்கு வேண்டியது அந்தத் திருகுவிசையே.

ஆகவே பழைய 800-க்கு உகந்த மேம்பாடு அடக்கமானது: துருப்பிடித்த சைலன்சரை அதே அளவில் புதியதாக மாற்றுதல், குழாயும் எஞ்சினும் சேருமிடத்துக் கசிவை அடைத்தல், கார்புரேட்டரின் கலவையைச் சீராக்குதல், தீப்பொறிச் செருகிகளைப் புதுப்பித்தல். கடைசி இரண்டும் மாற்றியின் ஆயுளுக்கும் இன்றியமையாதவை. எரியாத பெட்ரோல் மாற்றிக்குள் சென்று எரிந்தால், அந்த வெப்பத்தில் பீங்கான் கட்டியே உருகிவிடும்.

சட்டம் இதில் எவ்வளவு துணை நிற்கிறது? புகைச் சான்றிதழுக்கான சோதனையில், பாரத் ஸ்டேஜ் 2-க்கு முந்தைய பெட்ரோல் கார் 3 விழுக்காடு வரை கார்பன் மோனாக்சைடு உமிழலாம். பாரத் ஸ்டேஜ் 2, 3 கார்களுக்கு வரம்பு 0.5 விழுக்காடு. அந்தச் சோதனையும் வண்டி நின்றபடி எஞ்சின் ஓடும்போது நடப்பது. மலையேற்றத்தின் புகையை அது அளப்பதில்லை. மாற்றி பிடுங்கப்பட்ட பழைய கார் அதில் தேறிவிடக்கூடும்.

பெருநகரம் முன்னே, சிற்றூர் பின்னே என்ற வரிசை 1995உடன் முடியவில்லை. 2010 ஏப்ரலில் 13 நகரங்களுக்குப் பாரத் ஸ்டேஜ் 4 வந்தபோது, அதற்கேற்ப மாற்றப்படாத மாருதி 800 அந்நகரங்களிலிருந்து விலகியது. 2014 ஜனவரியில் உற்பத்தி நிற்கும்வரை மற்ற ஊர்களில் விற்பனை தொடர்ந்தது. நகரத்துக்கு ஆகாத புகை சிற்றூருக்கு ஆகும் என்பதே அதன் பொருள். 2017 ஏப்ரலில்தான் புதிய கார்களுக்கு நாடெங்கும் ஒரே தரம் நடப்புக்கு வந்தது. இடையில் கழிந்தவை 22 ஆண்டுகள்.

சிற்றூர்களில் கார்கள் குறைவு, எண்ணெய் ஆலைகளை மாற்றப் பணமும் காலமும் தேவை என்ற நியாயங்களை நாம் மறுக்கவில்லை. ஆயினும், அந்த ஆண்டுகளில் சாலையோரப் பள்ளிகளுக்கு நடந்துசென்ற அடிவாரத்துப் பிள்ளைகள் சுவாசித்த ஈயத்தை எந்தப் பின்னாளைய ஆணையும் திரும்ப எடுக்கவில்லை. எஞ்சியிருக்கும் பழைய 800-களின் அடியில் மாற்றி இருக்கிறதா, வெறுங்கூடு தொங்குகிறதா என்று குனிந்து பார்ப்பது மட்டுமே இன்று அவற்றை வைத்திருப்போர் கையில் உள்ளது.