விழித்திருந்த நோயாளியும் செவிமடுத்த தாதியும்

டவுன்டவுனில் மக்கில் மெட்ரோ நிலையத்தில் இறங்கி, யூனிவர்சிற்றி வீதி வழியே மலைச்சரிவில் ஏறிச் செல்பவர்கள் பழைய கற்கட்டிடம் ஒன்றைக் காண்பார்கள். 1934 ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் திறந்துவைக்கப்பட்ட மொன்றியல் நரம்பியல் நிலையம் அதுவே. அதனைத் தோற்றுவித்தவரான வைல்டர் பென்ஃபீல்டின் பெயரைத் தாங்கிய வீதியும் அண்மையிலேயே உள்ளது. ஆயினும் அந்நிலையத்தின் வரலாறு சத்திரசிகிச்சை நிபுணர்களின் வரலாறு மட்டுமன்று.

அமெரிக்கரான பென்ஃபீல்ட் 1928 இல் தமது சகாவான வில்லியம் கோனுடன் மொன்றியலுக்கு வந்தார். அவ்வாண்டின் இறுதியிலேயே தமது சொந்தச் சகோதரியின் மூளைக்கட்டியை அகற்றவேண்டிய நிலை அவருக்கு ஏற்பட்டது. கட்டியை முழுமையாக அகற்ற இயலவில்லை. சகோதரி 1931 இல் காலமானார். நரம்பு நோய்களுக்கெனத் தனி நிலையம் வேண்டுமென்ற அவரது வேட்கைக்கு இத்துயரமும் உரமாயிற்று. ரொக்பெல்லர் நிதியம் பத்து இலட்சம் டொலருக்கு மேல் வழங்கியது.

வலிப்பு நோயாளரை முழுமையாக மயக்காமல், தலைத்தோலை மட்டும் விறைக்கச்செய்து மூளையைத் திறப்பதே பென்ஃபீல்ட் வளர்த்தெடுத்த முறை. மின்முனையால் மூளையின் மேற்பரப்பைத் தொடும்போது விரல் அசைகிறதா, பேச்சுத் தடைப்படுகிறதா என்பதை நோயாளியே காட்டவேண்டும். மணிக்கணக்கில் நீளும் இச்சிகிச்சைக்கு, துணி மறைப்பின் கீழ் விழித்திருக்கும் மனிதரின் அச்சத்தைத் தணித்துப் பேச்சுக்கொடுப்பவர் இன்றியமையாதவர். விடுதியிலோ தாதியின் பொறுப்பு இன்னும் பெரிது. வலிப்பு எந்தக் கையில் தொடங்கியது, தலை எப்பக்கம் திரும்பியது, தெளிந்தபின் பேச்சு வர எவ்வளவு நேரமாயிற்று என அருகில் இருந்து கண்டு எழுதுபவர் அவரே. மூளையின் எப்பகுதியில் கோளாறு என்பதற்கு அக்குறிப்பு ஒரு தடயம். தொடக்கம் முதல் 1961 வரை இத்தாதியர் பிரிவை நடத்தியவர் எய்லீன் ஃபிளனகன். மருத்துவரின் பெயர் வீதிக்குச் சூட்டப்பட்டது. இப்பெயரை எம்மில் எத்தனை பேர் கேட்டிருப்போம்?

1974 இல் கிளாஸ்கோ நகர மருத்துவர் இருவர் நினைவுநிலையை அளக்க ஓர் அளவுகோலை வெளியிட்டனர். கண் திறத்தலுக்கு 4, பேச்சுக்கு 5, உடல் அசைவுக்கு 6 என மொத்தம் 15 புள்ளிகள், மிகக்குறைந்தது 3. 1986 இல் வெளியான கனடிய நரம்பியல் அளவுகோல் பாரிசவாத நோயாளரிடம் இடமும் காலமும் வினவுகிறது. பென்சில், திறப்பு, மணிக்கூடு ஆகியவற்றைக் காட்டிப் பெயர் கேட்கிறது.

இங்கேதான் எமது முதியோருக்கு இடர் உண்டாகிறது. பிரெஞ்சோ ஆங்கிலமோ அறியாத மூதாட்டி, “இது என்ன மாதம்?” என்ற கேள்விக்கு மௌனமாயிருந்தால், அது மொழியறியாமையா, மூளையின் பாதிப்பா? “ஆடி” என்று அவர் தெளிவாகச் சொன்னாலும், தமிழறியாதவருக்கு அது வெறும் ஒலியே. உள்ள புள்ளி குறைத்துக் கணிக்கப்படலாம். அதைவிட ஆபத்தானது, பேச்சு உண்மையிலேயே குழறத் தொடங்கியதை எவரும் கண்டுகொள்ளாமற் போவது.

பல மொழி பேசுவோரை அவர்களின் ஒவ்வொரு மொழியிலும் சோதிக்கவேண்டும் என்று வலியுறுத்தியவரும் இம்மலைச்சரிவைச் சேர்ந்தவரே. மக்கில் பல்கலைக்கழக மொழியியலாளர் மிஷெல் பரடி 1987 இல் இதற்கான சோதனைமுறையை நூலாக வெளியிட்டார். மூளை பாதிப்புற்றபின் ஒரு மொழி மீண்டும், மற்றொன்று மீளாமலும் இருக்கக்கூடும்.

வைத்தியசாலையில் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்று கேளுங்கள். அவர் வரும்வரை பிள்ளைகளே இடையில் நிற்க நேர்ந்தால், ஒரு தவறு பெரும்பாலும் நிகழ்கிறது. அம்மாவின் மானத்தைக் காப்பதாக எண்ணி, குழம்பிய விடையைத் திருத்திச் சொல்லிவிடுகிறோம், அல்லது அவருக்குப் பதிலாக நாமே சொல்லிவிடுகிறோம். திறப்பைப் பார்த்து “கரண்டி” என்றால், கரண்டி என்றே தாதியிடம் சொல்லவேண்டும். நேற்றுவரை அவர் எவ்வாறு கதைத்தார், எக்கையால் உண்டார், கடைசியாக எத்தனை மணிக்கு வழமைபோல் இருந்தார் என்பனவற்றையும் சொல்லுங்கள். பாரிசவாதத்தில் கட்டியைக் கரைக்கும் மருந்தைக் கொடுக்கலாமா என்பது பெரிதும் அந்த மணிக்கணக்கைக் கொண்டே முடிவுசெய்யப்படுகிறது.