பேச்சுக்கு ஒரு வழி, சைகைக்கு ஒரு வழி

புணே நகருக்குப் பிழைக்க வந்த நம்மவர், ஊரிலுள்ள தாயின் குரலைக் கேட்க டிரங்க் காலுக்குப் பதிவு செய்து காத்துக் கிடந்த காலம் ஒன்று உண்டு. இணைப்பைத் தேடித் தந்தவர் ஆபரேட்டர். அவர் பணியை இயந்திரத்திடம் ஒப்படைக்க வழி கண்டவர் அமெரிக்காவில் ஈமச்சடங்குத் தொழில் நடத்திய ஸ்ட்ரௌஜர்; 1891இல் காப்புரிமை பெற்றார். தம் அழைப்புகள் போட்டியாளருக்குத் திருப்பப்படுகின்றன என்ற ஐயமே அவரைத் தூண்டிற்று என்பர். சந்தேகத்தால் விளைந்த நன்மை உலகில் அரிது, இஃது ஒன்று. இந்தியாவில் வெளியூருக்கு நேரே எண் சுழற்றிப் பேசும் வசதி 1960இல் கான்பூர், லக்னோ நகரங்களுக்கிடையே தொடங்கியது.

அக்காலத்தில் எண்ணைக் குறிக்கும் மின்துடிப்பும் பேச்சும் ஒரே கம்பியில் சென்றன. கம்பி அறுந்தால் அவ்வழிப் பேச்சு மட்டுமே கெடும். பின்னர் சைகைக்கெனத் தனி வழி வகுத்தனர். விரைவு கூடிற்று; ஆபத்தும் உடன் வந்தது. 1990 ஜனவரி 15இல் நியூயார்க்கில் ஏடி அண்ட் டி நிறுவனத்தின் நிலையம் ஒன்று சிறு கோளாற்றிலிருந்து மீண்டு, அச்செய்தியை அண்டை நிலையங்களுக்குச் சைகையால் அறிவித்தது. செய்தியை ஏற்கும் மென்பொருளில் இருந்த பிழையால் அவையும் மயங்கி விழுந்தன. எழுந்ததும் அதே செய்தியைப் பரப்பின. 114 நிலையங்கள் கொண்ட அவ்வலை ஏறத்தாழ 9 மணி நேரம் தடுமாறிற்று.

அலுவலகங்களுக்கு வந்த இலக்க இணைப்பும் இவ்வாறே: 32 காலக்கூறுகளில் 30 பேச்சுக்கு, ஒன்று இருமுனைகளின் ஒத்திசைவுக்கு, ஒன்று சைகைக்கு. கைபேசியை வாயிலிலேயே ஒப்படைத்துச் செல்லும் புணே அலுவலகம் ஒன்றில் நான் பணிபுரிகையில், ஒருநாள் 30 வழிகளும் ஊமையாயின. கம்பியில் குறையில்லை. முந்தின இரவு ஒரு பலகையை மாற்றியதில் எங்கள் இயந்திரமும் எதிர்முனையும் ஒரே பொறுப்பை ஏற்று நின்றன. ஒன்று வலைப்பக்கமாகவும் மற்றது பயனர் பக்கமாகவும் இருத்தல் வேண்டும். அதைக் கண்டு திருத்த மாலையாயிற்று. என் மேசையில் ஒலித்த முதல் அழைப்பு, காலை முதல் முயன்றுகொண்டிருந்த தமையனாருடையது. தந்தையாரை மருத்துவமனையில் சேர்த்திருந்தார்.